பக்கத்து இருக்கைக்காரர்

அஞ்சாவது ஆளுக்கு ஒரே ஒரு வேலைதான். கீழே ராக்கெட்டில் ஏதாவது கோளாறு என்றால், அதன் உச்சியில் நாலு பேர் உட்கார்ந்திருக்கும் கலத்தை மட்டும் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போய்க் கடலில் இறக்கிவிட வேண்டும். கலத்தின் தலையில் கூம்பாக நிற்கும் ஒரு சிறிய ராக்கெட்டும், அதை எப்போது கொளுத்துவது என்று முடிவு செய்யும் ஓர் இயந்திர மூளையும் சேர்ந்ததுதான் அது. கலத்தில் நாலு இருக்கைகள். ஆகவே இது அஞ்சாவது ஆள். காகிதத்தில் அதற்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. தேரிக்காட்டு மணல்மேடுகளுக்கும் கடலுக்கும் நடுவே இருந்த செம்மணல்துறைச் சோதனை நிலையத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை.

முதல் சோதனையில் அஞ்சாவது ஆள் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டது. ஆளில்லாத கலம், அடியில் எந்தக் குறையும் இல்லாத புத்தம் புது ராக்கெட். ஏவுதளத்தில் இருந்த உணர்கருவி ஒன்றின்மேல் ஒரு காகம் வந்து உட்கார்ந்து கொத்தியது. உணர்கருவி பதறியது. அது பதறியதைப் பார்த்து அஞ்சாவது ஆளும் பதறியது. கலத்தைப் பிடுங்கிக்கொண்டு பறந்து, காற்று திசை மாறியதால் கடலுக்குப் போகாமல் ஓர் உப்பளத்தில் இறங்கியது. உப்பளத்துக்காரர் கலத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன், குடும்பத்தோடு அதில் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டார். காகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதன் பிறகுதான் நிலைய இயக்குநர் குழந்தைவேல் செண்பகவல்லியைக் கூப்பிட்டு அனுப்பினார். கலத்தைத் தப்பவைக்கும் ஏற்பாடு முழுவதும் செண்பகவல்லியின் பொறுப்பு. குழந்தைவேல் கொங்கு நாட்டுக்காரர். கோபம் எவ்வளவு ஏறினாலும் அவர் பேச்சின் கடைசியில் ஒரு 'ங்க' வந்து உட்கார்ந்துவிடும். அவரிடம் திட்டு வாங்கியவர்கள், அது திட்டு என்பதை வீட்டுக்குப் போன பிறகே உணர்வார்கள்.

“ஏனுங்க அம்மணி, காக்காய்க்குப் பயந்து ராக்கெட்டை வீணாக்கற ஆளை நம்பி மனுசங்களை ஏத்தறதுங்களா?”

“நிஜமாவே வெடிச்சா அது யாரையும் கேக்காது சார், உடனே இழுத்திரும். சந்தேகமா இருக்கிறப்பதான் குழம்புது.”

“சந்தேகமா இருந்தா உள்ள உக்காந்திருக்கறவங்களைக் கேக்கச் சொல்லுங்க. புகை வருதா, சூடு ஏறுதா, மூச்சு முட்டுதான்னு அவங்களுக்குத் தெரியாதுங்களா? கருவிக்கு மூக்கு இல்லீங்க. மனுசனுக்கு இருக்குதுங்க.”

நியாயமான பேச்சுதான். செண்பகவல்லி சரி என்றாள்.

மனிதர்கள் சொல்லும் பதிலைப் புரிந்துகொள்ள அஞ்சாவது ஆளைப் பழக்க வேண்டும். அதற்காக ஒரு கொட்டகைக்குள் மாதிரிக் கலம் செய்து வைத்தார்கள். சுற்றுவட்டாரத்துக் கோயில், தேவாலயம், பள்ளிவாசல் எல்லா இடத்திலும் சொல்லி ஆள் கேட்டார்கள். நிறையப் பேர் வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் நாலு பேரை உள்ளே உட்காரவைத்து மெல்ல மெல்லச் சூட்டை ஏற்றுவார்கள். அல்லது புகை விடுவார்கள். அல்லது இருக்கையைச் சாய்ப்பார்கள். அஞ்சாவது ஆள் ரயில் நிலைய அறிவிப்பு போன்ற குரலில், “தாங்கள் எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்கும். அவர்கள் சொல்வதை வைத்து, எதைத் தாங்கலாம், எது ஆபத்து என்று கற்றுக்கொள்ளும்.

வந்தவர்கள் எல்லாரும் தங்கமான மனிதர்கள். அதுதான் கோளாறாகப் போயிற்று.

சூட்டை ஏற்றினார்கள். முந்தானையால் முகத்தைத் துடைத்துத் துடைத்துப் பிழிந்தபடி ஓர் அம்மாள், “பரவாயில்ல, நம்மூர் அக்கினி நட்சத்திரத்துக்கு இது தேவல” என்றார். புகை விட்டார்கள். “சாம்பிராணி போட்ட மாதிரி இருக்கு, ஒடம்புக்கு நல்லதுதானே” என்றார் ஒருவர், இருமலுக்கு நடுவே. இருக்கையைக் கிட்டத்தட்டத் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். “திருச்செந்தூர் பஸ்ஸுல இதவிட மோசமால்லா தொங்கியிருக்கோம்” என்று தொங்கியபடியே சிரித்தார் இன்னொருவர். அழுகிய முட்டை நாற்றத்தைப் பரப்பிப் பார்த்தார்கள். நாலு பேரும் வாயே திறக்காமல் நேர் எதிரே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருப்பவர் மனம் நோகக் கூடாதே என்ற கவலை ஒவ்வொருவர் முகத்திலும் தெரிந்தது.

இவ்வளவு பெரிய காரியம் செய்கிறார்கள், நம்மால் ஒரு தொந்தரவு வேண்டாம் என்பதே எல்லாருடைய எண்ணமும்.

பயிற்சி முடிந்து, கணினியில் ஒரு பொய்த் தீயை மூட்டிப் பார்த்தார்கள். கருவிகள் சந்தேகப்பட்டன. பதிவு செய்து வைத்திருந்த நாலு குரல்களையும் அஞ்சாவது ஆள் கேட்டது. நாலும் “பரவாயில்லை” என்றன. “பயணிகள் நலமாக இருக்கிறார்கள். பயணம் தொடர்கிறது” என்று அது அறிவித்தது. திரையில் கலம் கருகி முடியும்வரை அதன் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

“நல்லாத்தானுங்களே இருக்குது? சும்மா சும்மா இழுக்கறதில்லை” என்றார் குழந்தைவேல்.

“சார், கலம் எரிஞ்சே போச்சு.”

“திரையிலதானுங்களே.” பிறகு அவரே கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “அடுத்த மாசம் நாலு பேரு ஏறப்போறாங்க அம்மணி. தேதியை மாத்த நம்ம கையில இல்லீங்க. அதுக்குள்ள இதைவிட நல்லதாப் பண்ணிக் குடுத்தீங்கன்னா அதை வெச்சுப் பறக்கட்டும். இல்லேன்னா இதுதானுங்க.”

பூமியைச் சுற்றிவரும் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கத்தான் அந்த நாலு பேரும் போகிறார்கள். அவர்களில் ஒருவர் லூர்து ரொசாரியோ. துறைமுகத்தில் கடலுக்கடியில் மூழ்கிக் கப்பல்களுக்குப் பற்றவைப்பு வேலை செய்தவர். அதே வேலையை இனி வானத்தில் செய்யப்போகிறார். நல்ல உயரம், நல்ல உடம்பு, எதற்கும் ஒரு சிரிப்பு. நிலையத்து மருத்துவர்களுக்கு அவரை மிகவும் பிடிக்கும். எங்கே ஊசி குத்தினாலும் “நல்லாக் குத்துதீங்க டாக்டர்” என்பார்.

அவருடைய மனைவி ஜெயராணி ஒரு நாள் நிலைய வாசலுக்கே வந்துவிட்டாள். செண்பகவல்லி வெளியே போனபோது, பேச்சை எங்கே ஆரம்பிப்பது என்றுகூட அவள் யோசிக்கவில்லை.

“எம்மா, அந்த மிஷினு இவுகளைக் கேட்டுத்தான் முடிவு பண்ணுமாமே, நெசமா?”

“சந்தேகம் வந்தா மட்டும் கேக்கும்மா.”

“அப்ப நான் இப்பமே கறுப்புச் சீலை எடுத்து வச்சுக்கிடுதேன்.”

“ஏம்மா அப்படிச் சொல்றீங்க?”

“எங்க கல்யாணத்தன்னிக்கு இவுக புதுச் செருப்புல ஆணி நீட்டிக்கிட்டு இருந்துது. பூசை முடியறவரைக்கும் நின்னாவ. பொறவு விருந்துல எல்லாருக்கும் பரிமாறினாவ. சாயங்காலம் செருப்பக் கழட்டினா ரெத்தம். கேட்டா, 'லேசா உறுத்திச்சு ஜெயம்'ங்காவ. இவுககிட்டப் போயி உங்க மிஷினு சொகம் விசாரிக்குமா? தீப்பிடிச்சு மூக்கு வரைக்கும் வந்தாலும் இவுக 'நீங்க வேலையப் பாருங்க'ம்பாவ.”

செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்தது. ஜெயராணியின் கண்ணைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

“ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுதேன். அவுக வாயை நம்பாதீங்க.”

அன்று மாலையே செண்பகவல்லி உலகநாத பிள்ளையைத் தேடிப் போனாள். தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குறை சொல்வதில் அந்த வட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கல்யாண வீடுகளில் அவர் இலைக்கு எதிரே நிற்கப் பரிமாறுகிறவர்கள் பயப்படுவார்கள். முருகன் சந்நிதியில் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, திறந்ததும் “மாலை இடப்பக்கம் ஏறியிருக்கு ஐயரே” என்பவர். பரவாயில்லை என்று சொல்கிறவர்களிடம் பழகிக் கெட்டுப்போன இயந்திரத்தை, எதுவுமே பரவாயில்லாத ஒருவரிடம் பழக்கினால் சரியாகிவிடும் என்பது அவள் கணக்கு.

“குறை சொல்லணும், அவ்வளவுதானே?” என்றார் பிள்ளை. “இவ்வளவு நாளா சும்மாவே செஞ்சிக்கிட்டிருந்தேன்.”

இரண்டு வகையான மனிதர்களையும் இயந்திரம் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கட்டும் என்று, மாதிரிக் கலத்தில் பிள்ளையையும் ரொசாரியோவையும் அடுத்தடுத்து உட்காரவைத்தாள்.

“தாங்கள் எப்படி இருக்கிறீர்கள்?” என்றது அஞ்சாவது ஆள்.

“எப்படி இருப்பேன்? இந்த பெல்ட்டு யாருக்குத் தச்சது? ஆனைக்கா? காத்து வருது, ஆனா இடது காதுக்கு மட்டும் வருது. வலது காது என்ன பாவம் பண்ணிச்சு? அப்புறம் உன் குரலு. ரயில் ரெண்டு மணி நேரம் லேட்டும்பாம்லா, அந்தக் குரலு. கேட்டாலே வயித்தக் கலக்குது.”

“தாங்கள் எப்படி இருக்கிறீர்கள்?” என்று ரொசாரியோவைக் கேட்டது.

“ரொம்ப நல்லாருக்கேன். அண்ணாச்சிக்கு அந்தக் காத்தைக் கொஞ்சம் திருப்பி விடுங்க.”

“நீரு சும்மா இரும்வே” என்றார் பிள்ளை. “பக்கத்துல ஒரு ஆளு நல்லாருக்கேன்னு சொன்னா, குறை சொல்லுதவனுக்கு எப்படி மரியாதை இருக்கும்?”

சில நாட்களில் அஞ்சாவது ஆள் பிள்ளையின் சீடனாகவே ஆகிவிட்டது. கணினிச் சோதனையில், பெல்ட் அரிக்கிறது என்று ஒரு குரல் சொன்ன மாத்திரத்தில் கலத்தைப் பிடுங்கிக்கொண்டு பறந்தது. அடுத்த சோதனையில் ராக்கெட்டின் நிறம் சரியில்லை என்பதற்காகப் பறந்தது. குழந்தைவேல் அன்றைக்கு அவளிடம் பேசியதில் இருபது 'ங்க'வாவது இருந்திருக்கும். செண்பகவல்லி தலையைப் பிடித்துக்கொண்டாள். நாட்கள் போய்க்கொண்டிருந்தன.

அந்த வாரக் கடைசியில்தான் அது நடந்தது. மாதிரிக் கலத்துக்குள் இளஞ்சூடு மட்டும் வைத்திருந்தார்கள். பிள்ளை வழக்கம்போல ஆரம்பித்தார். நிலையத்து உணவகத்து இட்லியைப் பற்றிச் சொன்னார். அதை எடுத்து எறிந்தால் காகத்துக்கு மண்டை உடையும் என்றார். அதனால்தான் இன்று சாப்பிடாமலே வந்து உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். பிறகு பேச்சு குறைந்தது. பிறகு நின்றுவிட்டது.

“தாங்கள் எப்படி இருக்கிறீர்கள்?”

“எனக்கென்ன” என்றார் பிள்ளை. குரல் எங்கேயோ இருந்து வந்தது. “நல்லாத்தான் இருக்கேன்.”

உலகநாத பிள்ளை தன் வாயால் நல்லாயிருக்கேன் என்று சொன்னதை அஞ்சாவது ஆள் மகிழ்ச்சியோடு குறித்துக்கொண்டது. வெளியே இருந்தவர்களும் குறித்துக்கொண்டார்கள். அடுத்த நொடி கொட்டகையே அதிரும்படி ஒரு கத்தல் கேட்டது.

“கதவத் தொறங்க! எம்மா, கதவத் தொறங்க! அண்ணாச்சிக்கு மொகம் வெளுத்துப்போச்சு! கை ஐஸாட்டம் இருக்கு! எவம்ல அங்க, ஓடி வாங்கல!”

கத்தியது ரொசாரியோ.

கதவைத் திறந்தார்கள். ரொசாரியோவோடு அடுத்த மாதம் மேலே போகப்போகும் நர்ஸ் மைமூன் குளுக்கோஸ் கரைத்துக்கொண்டு ஓடிவந்தாள். பிள்ளைக்குச் சர்க்கரை இறங்கிப்போயிருந்தது. கொஞ்ச நேரத்தில் நிறம் திரும்பி, கண்ணைத் திறந்து, குளுக்கோஸில் எலுமிச்சை பிழியவில்லை என்றார். எல்லாருக்கும் உயிர் வந்தது.

செண்பகவல்லி அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

“பெல்ட்டு, காத்து, இட்லி எல்லாத்தையும் சொன்னீங்களே அண்ணாச்சி, மயக்கம் வருதுன்னு ஏன் சொல்லல?”

பிள்ளை மேலே பார்த்தார். “அது... எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காங்க. ஒரு கிழவன் மயங்கி விழுந்தான்னா உங்க சோதனை கெட்டுப்போகும்லா. சமாளிச்சிரலாம்னு பாத்தேன்.”

அவள் ரொசாரியோவைத் திரும்பிப் பார்த்தாள். “நீங்க இவ்வளவு சத்தமாக் கத்துவீங்களா?”

ரொசாரியோவுக்கு வெட்கமாகிவிட்டது. “எனக்குன்னா கத்த மாட்டேம்மா. அவருக்குல்லா.”

  செண்பகவல்லி எழுந்து நேராகப் போய், அஞ்சாவது ஆளின் கேள்வியை மாற்றினாள்.

மறுநாள் மாதிரிக் கலத்தில் அது ஒவ்வொருவரையும் புதிதாக ஒன்று கேட்டது: “தங்கள் பக்கத்து இருக்கையில் இருப்பவர் எப்படி இருக்கிறார்?”

முதலில் வந்த பதில்களைக் கேட்டால் தலை சுற்றும். “அவருக்கென்ன, மருமக வந்த பொறவு நல்லாத்தான் இருக்காரு, மவந்தான் பேசுததில்ல” என்றார் ஒருவர். “இந்தக்கா கழுத்துச் சங்கிலிய அடகு வச்சிருக்கு போல, கேக்கச் சங்கடமா இருக்கு” என்றார் ஓர் அம்மாள், அந்த அக்காவுக்கும் கேட்கும்படி. ஆனால் புகை விட்டதும் எல்லாம் மாறியது. தனக்கு வந்த இருமலை விழுங்கிக்கொள்கிறவர்கள் அடுத்தவர் இருமலுக்குக் கூச்சல் போட்டார்கள். “இந்தப் பையனுக்கு மூச்சு முட்டுது, தொறங்க!” “பெரியவரால முடியல, நிறுத்துங்கய்யா!” அதில் பொய்யும் இல்லை, தாமதமும் இல்லை. வம்பு எது, வலி எது என்று பிரித்துப் பார்க்க அஞ்சாவது ஆள் விரைவிலேயே கற்றுக்கொண்டது. தனக்காகத் திறக்காத வாய் அடுத்தவனுக்காகத் தானாகத் திறந்துகொள்ளும்படி மனிதனைச் செய்து வைத்த கடவுளுக்கு, செண்பகவல்லி அன்று மனத்துக்குள் நன்றி சொன்னாள்.

குழந்தைவேலுக்கு மட்டும் திருப்தி இல்லை.

“ஊர் வம்பை வெச்சு ராக்கெட் விடறதுங்களா அம்மணி?”

“ஒரே ஒரு சோதனை சார். நிஜக் கலத்துல, நிஜ ஆளுங்களோட.”

கடற்கரையில் ஒரு மேடை அமைத்தார்கள். அடியில் பெரிய ராக்கெட் கிடையாது. நிஜக் கலமும் அதன் தலையில் இழுக்கும் ராக்கெட்டும் மட்டும். உள்ளே பிள்ளை, மைமூன், ரொசாரியோ மூவரும் வரிசையாக. நாலாவது இருக்கையில், அளவெடுக்கும் கருவிகள் நிரப்பிய ஒரு ரப்பர் பொம்மை. பொம்மை என்பது அஞ்சாவது ஆளுக்குத் தெரியாது. உள்ளே நாலு பேர் என்றுதான் அதற்குச் சொல்லியிருந்தார்கள். ஒரு பொய் எச்சரிக்கையும் கொஞ்சம் தீங்கில்லாத புகையும் அனுப்புவார்கள். அஞ்சாவது ஆள் கேட்டு, புரிந்துகொண்டு, இழுத்துக் கடலில் இறக்க வேண்டும். இழுத்தால் புதிய கேள்வியோடு அடுத்த மாதம் பறக்கலாம். இல்லாவிட்டால் பழைய “பரவாயில்லை” இயந்திரத்தோடுதான் நாலு பேரும் போக வேண்டும்.

பிள்ளையை மருத்துவர் நன்றாகப் பரிசோதித்து அனுமதி கொடுத்தார். பரிசோதித்த விதத்தில் பிள்ளைக்குச் சில குறைகள் இருந்தன.

இழுக்கும் ராக்கெட்டைத் தயார் நிலையில் வைத்துவிட்டு எல்லாரும் விலகி வந்தார்கள். கட்டுப்பாட்டு அறையில் குழந்தைவேல் எதிரே, மூடி போட்ட ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. அஞ்சாவது ஆள் தவறினால் மனிதன் கையால் இழுப்பதற்கு.

புகை போயிற்று. ஒலிபெருக்கியில் அந்தக் குரல் கேட்டது.

“கருவிகளில் ஐயம் ஏற்பட்டுள்ளது. முதலாம் இருக்கை உலகநாத பிள்ளை அவர்களே, தங்கள் பக்கத்து இருக்கையில் இருப்பவர் எப்படி இருக்கிறார்?”

“இந்தப் புள்ள இருமுது. கண்ணு செவந்துபோச்சு. இந்தப் புகையை எங்கவே வாங்கினீங்க, மட்டமான சரக்கு—”

“இரண்டாம் இருக்கை மைமூன் அவர்களே?”

“ரொசாரியோ அண்ணன் சிரிச்சுக்கிட்டே உக்காந்திருக்காங்க. அவங்க இப்படிச் சிரிச்சா ரொம்பக் கஷ்டப்படுறாங்கன்னு அர்த்தம்.”

செண்பகவல்லி விரல்விட்டு எண்ணினாள். பொம்மை பேசாது; இன்னும் ஒரு பதில்தான்.

“மூன்றாம் இருக்கை லூர்து ரொசாரியோ அவர்களே?”

“தங்கச்சிக்கு இருமல் ஜாஸ்தி. அப்புறம் இந்தப் பக்கம்...” ரொசாரியோ தயங்கினார். “இந்தப் பக்கம் இருக்கிறவருக்குத்தான் ரொம்ப முடியல. இருக்கையே ஆடுது. பெல்ட்டு தொளதொளன்னு ஆகிக் கழுத்துல போய் மாட்டியிருக்கு, தலை தொங்கிருச்சு. இப்ப இழுக்காதீங்க. இவரு தாங்க மாட்டாரு.”

அறையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆனால் அஞ்சாவது ஆள் சிரிக்கவில்லை.

“நன்றி. நால்வரில் ஒருவர் சரியாகப் பிணைக்கப்படாமல் இருக்கிறார். வெப்பம் உயரவில்லை, இன்னும் சற்றுக் காத்திருக்க இயலும். அவரைச் சரிசெய்யும்வரை கலம் இழுக்கப்படாது.”

குழந்தைவேல் எழுந்துவிட்டார். “யாருங்க அந்த நாலாவது ஆளு? ரப்பருங்க அது! ரப்பருக்கு ஏதுங்க கழுத்துவலி!” பொத்தானின் மூடியைத் திறந்தார்.

செண்பகவல்லி பொத்தானின்மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடினாள். தான் அப்படிச் செய்வாள் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

“கையை எடுங்க அம்மணி.”

“நாலு பேருன்னுதான் சார் அதுக்குச் சொல்லியிருக்கோம். நாலு பேரையும் பாக்குது.”

“எடுங்கன்னா!”

“உள்ள இருக்கிற ஒருத்தர் இழுக்காதீங்கன்னு சொல்றார் சார். ரொசாரியோ ஒண்ணை வேண்டாம்னு சொல்லி நீங்க கேட்டிருக்கீங்களா?”

வாக்கியத்தின் கடைசியில் 'ங்க' இல்லாமல் ஏதோ சொல்ல வந்த குழந்தைவேல், பாதியில் நிறுத்திக்கொண்டார். உள்ளே பிள்ளை புகையைப் பற்றித் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார். சோதனைக்கு வைத்திருந்த கெடு தாண்டியது. யாரோ மெதுவாக, “சோதனை தோல்வி” என்றார்கள்.

இழுக்கும் ராக்கெட்டைத் தயார் நிலையிலிருந்து விலக்கி, ஆபத்தில்லை என்று உறுதி செய்துகொண்டு கதவைத் திறந்தார்கள். மூவரும் இறங்கினார்கள். ஒரு ஊழியர் உள்ளே போய், பொம்மையைத் தோளில் கைபோட்டு நிமிர்த்தினார். பொம்மையோடு இருக்கையும் சேர்ந்து அவர் கையோடு வந்தது. அடியில் அதைத் தளத்தோடு பிடித்திருந்த இரும்புத் தாங்கி, குறுக்காக விரிசல்விட்டு இரண்டாகப் பிளந்திருந்தது.

ரொசாரியோ எட்டிப் பார்த்தார். “பாவம்” என்றார். “உக்காந்திருக்கவே கஷ்டப்பட்டிருப்பாரு.”

 குழந்தைவேல் குனிந்து பிளந்த தாங்கியைத் தொட்டுப் பார்த்தார். “இழுத்திருந்தா என்னங்க ஆயிருக்கும்?”

“இழுக்கிற வேகத்துல எல்லாம் பத்து மடங்கு கனக்கும் சார்” என்றாள் செண்பகவல்லி. “பொம்மையும் இருக்கையும் சேர்ந்தா நூறு கிலோ. ஒரு டன் கனம் அந்தச் சின்ன அறைக்குள்ள உருண்டிருக்கும். இவங்க மூணு பேர் மேலேயும்.”

சட்டை மடிப்புக் கலைந்ததைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை பாதியில் நிறுத்தினார். மைமூன் இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அடுத்த மாசம் அது உங்க சீட்டுல்லா அண்ணே” என்றாள் ரொசாரியோவிடம்.

குழந்தைவேல் மணலில் உட்கார்ந்துவிட்டார். தன் வலது கை விரலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். ரொசாரியோ ஒரு பாட்டிலைத் திறந்து தண்ணீரை அவரிடம் நீட்டினார்.

“ஏனுங்க ரொசாரியோ, பக்கத்துல இருக்கறது பொம்மைன்னு உங்களுக்குத் தெரியும். அப்புறம் எதுக்குங்க சொன்னீங்க?”

ரொசாரியோ கொஞ்சம் யோசித்தார். “யாரு இருக்காருன்னு அது கேக்கலையே சார். எப்படி இருக்காருன்னுதானே கேட்டுச்சு.”

அன்றைய சோதனையைத் தோல்வியாகக் கொள்ளாமல், இன்னொரு தடவை நடத்தக் குழந்தைவேலே மேலிடத்தோடு பேசினார். எல்லா இருக்கைகளின் தாங்கிகளையும் கழற்றிப் புதிதாகப் பொருத்தினார்கள். புதிய பொம்மையும் வந்து சேர்ந்தது. அதைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார் இயக்குநர்.

“நாலாவது இருக்கைல நான் உக்காந்துக்கறனுங்க” என்றார்.

எல்லாரும் தடுத்தார்கள். அவருடைய வயதைச் சொன்னார்கள், பதவியைச் சொன்னார்கள். செண்பகவல்லியும் சொன்னாள்.

“பொம்மையை உக்கார வெச்சா எனக்குப் பொத்தான் மேலதான் கண்ணு போகுதுங்க அம்மணி. வேண்டாமுங்க.”  மருத்துவரிடம் போய் வரிசையில் நின்றார்.

சோதனை நாளன்று ஜெயராணியும் வேலிக்கு வெளியே வந்து நின்றாள். கையில் ஜெபமாலை வைத்திருந்தாள். கதவை மூடினார்கள். எல்லாரும் விலகினார்கள். பொத்தான் இப்போது செண்பகவல்லியின் எதிரே இருந்தது.

புகை போயிற்று. அஞ்சாவது ஆள் கேட்டது. மைமூன் இருமுவதாகப் பிள்ளை சொன்னார். இந்தத் தடவை புகை கொஞ்சம் தரமாக இருப்பதையும் ஒப்புக்கொண்டார். ரொசாரியோ சிரிப்பதாக மைமூன் சொன்னாள்.

“மூன்றாம் இருக்கை லூர்து ரொசாரியோ அவர்களே, தங்கள் பக்கத்து இருக்கையில் இருப்பவர் எப்படி இருக்கிறார்?”

“சாரா? சார் நல்லா...” ரொசாரியோ திரும்பிப் பார்த்தார். “இல்ல, பொய் சொல்லக் கூடாது. சாருக்கு வேர்த்து ஊத்துது. காலு ரெண்டும் ஆடுது. கண்ணை இறுக்கி மூடியிருக்காரு.”

கட்டுப்பாட்டு அறையில் சிரிப்பு வெடித்தது.

“ஏனுங்க” என்றார் குழந்தைவேல், கண்ணைத் திறக்காமலே. “எல்லாருக்கும் கேக்கற மாதிரி அதைச் சொல்லோணுங்களா?”

“அது கேட்டுச்சே சார்.”

“நான்காம் இருக்கை குழந்தைவேல் அவர்களே” என்றது அஞ்சாவது ஆள். “தங்கள் பக்கத்து இருக்கையில் இருப்பவர் எப்படி இருக்கிறார்?”

குழந்தைவேல் கண்ணைத் திறந்தார். எத்தனையோ கூட்டங்களில் ரொசாரியோ அவருக்கு எதிரே உட்கார்ந்ததுண்டு. எத்தனையோ தாள்களில் அந்தப் பெயருக்குக் கீழே அவர் கையெழுத்துப் போட்டதுண்டு. புகைக்கு நடுவே இப்போதுதான் அந்த முகத்தைப் பார்த்தார். உதடு உலர்ந்திருந்தது. சிரிப்பு மட்டும் கலையாமல் இருந்தது. கழுத்து நரம்பு படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது.

“பயந்துபோயிருக்காருங்க” என்றார் மெதுவாக. “ரொம்பப் பயந்துபோயிருக்காரு.” பிறகு கீழே பார்த்தார். “ஆனா என் கையைப் பிடிச்சிருக்காருங்க.”

“அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள்” என்றது அஞ்சாவது ஆள்.

பிறகு இழுத்தது.